மைக் வாங்குவதற்கு முன் அறையைக் கேளுங்கள்

"அக்கா, எந்த மைக் வாங்கலாம்?"

பாட்டில் ஆசை உள்ள பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். கோயில் பாடகர் குழுவில் பாடும் தங்கச்சி கேட்பாள், கிற்றார் பழகும் தம்பி கேட்பான், ராப் எழுதிப் பாடும் பையன் கேட்பான். பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எதைப் பதியப் போகிறீர்கள்? எந்த அறையில்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் கடைக்குப் போகும் வேலை பாதி முடிந்துவிடும். தெரியாமல் வாங்கினால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மைக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் குரலோடு சேர்த்தே பதிந்து தரும்.

வீட்டு ஸ்டூடியோ பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே தரையில் கம்பளம் இருக்கும், யன்னலில் இரட்டைக் கண்ணாடி இருக்கும், கதவை மூடினால் வெளியுலகம் நின்றுவிடும். எங்கள் வீடு வேறு. சீமெந்துத் தரை அல்லது டைல்ஸ், மொழுமொழுவென்று பூசிய சுவர், தலைக்கு மேலே தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ், யன்னலுக்கு மேலே காற்றுப் போக விட்ட துவாரங்கள். அந்த வீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்காகப் பதிய வேண்டும்

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரான வஹகோட்டையை அந்தோனியார் கோயிலால் அறிவார்கள். கண்டி அரசர் காலத்தில் இங்கே குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன. சிங்களத்திலும் தமிழிலும் அந்தோனியாரைப் பாடிக்கொண்டு வரும் யாத்திரிகர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. தவக்காலம் வந்தால் பாடுகளின் புலம்பல் பாட்டுகளைக் கேட்கலாம். கோவாவிலிருந்து 1705 இல் இலங்கை வந்து, 1742 இல் இங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அந்தப் பாடுகளைப் பற்றிச் சிங்களத்தில் 'தேசன நவய'வும் தமிழில் 'வியாகுலப் பிரசங்க'மும் எழுதினார். அச்சில் இருப்பது வார்த்தை மட்டும்தான். எந்த இடத்தில் குரலை இழுக்க வேண்டும், எங்கே மூச்செடுக்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் வயதானவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது.

மாத்தளைப் பக்கத் தோட்டங்களுக்குப் போனால் தப்பு இருக்கிறது, மாசி மாதத்துக் காமன் கூத்து இருக்கிறது, தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. பாடத் தெரிந்த ஒவ்வொருவரும் போகும்போது அவரோடு ஒரு ராகமும் போகிறது. கொழும்பு ஸ்டூடியோவுக்கு எழுபது வயதுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, "பாடுங்க" என்றால் அவருக்குப் பாட்டு வராது. தன் வீட்டுத் திண்ணையில், மகளும் பேத்தியும் பக்கத்தில் இருக்கும்போதுதான் வரும். ஸ்டூடியோ ஊருக்குள் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

முதல் செலவு அறைக்கு

அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், இரண்டு வெறுஞ்சுவர்கள் ஒலியை மாறி மாறித் திருப்பி அனுப்புகின்றன என்று அர்த்தம். மைக் அதையும் பதியும். பதிந்த பிறகு அதைச் சுத்தமாக எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வையுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தும்பு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். எங்கள் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை, தும்பு மெத்தையும் கட்டுப்படியான விலையில் கிடைக்கும். அதைச் சுவரோடு ஒட்டாமல் நாலைந்து அங்குலம் தள்ளி வைத்தால் இன்னும் கீழ்ச்சுருதி ஒலிகளையும் உறிஞ்சும். தரையில் தடித்த பாயோ போர்வையோ விரியுங்கள். முட்டைத் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டுவதை விட்டுவிடுங்கள். மெல்லிய காகித அட்டை மிக உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றையும் பிரித்து அறிய வேண்டும். அறைக்குள் எதிரொலியை அடக்குவது ஒரு வேலை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்குக் கனமான சுவரும் காற்றே புகாத அடைப்பும் வேண்டும். எங்கள் வெக்கையில் அப்படி அடைத்த அறைக்குள் உட்கார்ந்து பாட முடியாது. அதனால் நான் சத்தத்தோடு சண்டை போடுவதில்லை, நேரம் பார்க்கிறேன். காலையில் மயில் அகவும். விதைப்புக் காலத்தில் லேண்ட் மாஸ்டர் ஓடும். மாலையில் கலேவெலப் பக்கம் போகும் பஸ் ஹோர்ன் அடிக்கும். போயா நாளில் பன்சலையிலிருந்து பிரித் கேட்கும். மழை நாளில் தகரத்துக்குக் கீழே பதிவு என்ற பேச்சே வேண்டாம். மழை ஓய்ந்த இரவிலோ தவளை ஒரு கச்சேரியே நடத்தும். உங்கள் வீட்டைச் சுற்றி எந்த மணிக்கு எது கேட்கிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினால் அறை எவ்வளவு அமைதியாகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க உங்கள் ஃபோனை அதற்குள்ளே வையுங்கள். ஃபோனைத் தேடும்போது நினைவு வந்துவிடும்.

மைக்: வகையைவிடத் தூரம் முக்கியம்

மைக்கில் இரண்டு வகையைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய தகடும் கம்பிச்சுருளும் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் தரும். மேடைகளில் எல்லோரும் பிடித்துப் பாடும் ஷூர் எஸ்.எம்.58 அந்த வகை. 1966 இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரத்தைக் கேபிள் வழியாகவே கொடுக்க வேண்டும். ஓடியோ டெக்னிகா ஏ.டி.2020, ரோட் என்.டி.1 போன்றவை அந்த வகை. உதட்டோசை, மூச்சு, கமகத்தின் நுண்ணிய அசைவு எல்லாம் அதில் இன்னும் தெளிவாக விழும்.

"கண்டென்சர் அறைச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. எஸ்.எம்.58 ஐவிட ஏ.டி.2020 சுமார் 17 டெசிபல் கூடுதலாக வெளிவிடும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், அறையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். உண்மையில் வேலை செய்வது தூரம். பாடுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். ஓர் அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். டைனமிக் மைக்கை எல்லோரும் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள், அதனால்தான் அதில் அறை குறைவாகக் கேட்கிறது.

ஆனால் மிகப் பக்கத்தில் போனால் குரலின் அடிப்பகுதி வீங்கும், 'ப', 'ப்ப' வரும் இடங்களில் காற்று குண்டு போல விழும். அதற்கு ஒரு பாப் ஃபில்டர் வாங்குங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

எதைப் பதிகிறீர்கள் என்பதைப் பொறுத்து நான் இப்படிச் சொல்வேன். தப்பு, பறை, நாதஸ்வரம் என்றால் டைனமிக். பெரிய சத்தத்தை அது அசராமல் தாங்கும், மழைக்காலத்து ஈரப்பதனையும் தாங்கும். வீணை, கிற்றார், மெல்லிய பெண்குரல் என்றால், அறை அடங்கியிருந்தால், கண்டென்சர். மிருதங்கத்துக்கு இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக் இருந்தால் நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஓரடி மேலே, வலந்தலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஆர்மோனியத்தோடு பாடுபவருக்கு மைக்கை வாய்ப் பக்கம் வைத்து, அதன் பின்புறம் ஆர்மோனியத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். இந்த மைக்குகள் பின்னாலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக எடுக்கும்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், அறையும் சாதாரண அறை என்றால், டைனமிக்கை வாங்குங்கள். கீழே விழுந்தாலும் பிழைக்கும். போலி எஸ்.எம்.58 உலகம் முழுக்க விற்பனையாகிறது, அதனால் அதிகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். கண்டென்சர் வாங்கினால், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பை போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள்.

சவுண்ட் கார்டும் ஹெட்போனும் கரண்டும்

மைக்கின் மெல்லிய மின்சாரத்தைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவது இன்டர்ஃபேஸ். எங்கள் பக்கம் சவுண்ட் கார்ட் என்றே சொல்வோம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, ஸ்டைன்பர்க் யூ.ஆர்.22, பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.202 எச்.டி. எல்லாம் இரண்டு மைக் செருகக்கூடியவை. ஒற்றை உள்ளீடு மலிவுதான், ஆனாலும் இரண்டு உள்ளீட்டை வாங்குங்கள். பாடுபவருக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கோ தபலாவுக்கோ இன்னொன்று. தாலாட்டையும் ஒப்பாரியையும் விட்டால், எங்கள் இசையில் துணையில்லாமல் பாடுவது அபூர்வம்.

யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இது வசதி மட்டுமில்லை, தேவை. லேப்டொப் பெற்றரியில் ஓட, இன்டர்ஃபேஸ் லேப்டொப்பிலிருந்து ஓட, கரண்ட் இல்லாத தோட்ட லயத்திலும் பதியலாம். கரண்ட் இருக்கும்போதும் நான் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பதிகிறேன். எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் வழியாக 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். அது எங்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். கழற்றினால் பல நேரம் அதுவும் போய்விடும். சித்திரை மாதத்து இடிமின்னலிலும் ஐப்பசி மழையிலும் எல்லாப் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

கணினிக்கு 8 ஜி.பி. நினைவகம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. கட்டாயம். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கொம்பனியின் ஏசியோ டிரைவரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போடுங்கள். பாடுபவர் தன் குரலை ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாகக் கேட்டால் தாளம் தடுமாறும். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பை 128 சாம்பிளாக வைத்தால் அந்தப் பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. மூன்றடி தள்ளி நிற்பவரின் குரல் காதுக்கு வர எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

பதிவுக்கு 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் போதும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை, 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது. ஒரு மைக்கில் ஒரு நிமிடம் பதிந்தால் 8.6 எம்.பி. வரும், ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும்.

ஸ்பீக்கர் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். 10 அடிக்கு 12 அடி அறையில் 47, 57 ஹெர்ட்ஸ் அருகே பேஸ் ஒலி ஓரிடத்தில் பெருகும், இன்னோரிடத்தில் மறையும். அப்படிப்பட்ட அறையில் நல்ல ஸ்பீக்கரும் உங்களுக்குத் தப்பான செய்தியைத்தான் சொல்லும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். 1991 இலிருந்து வரும் சோனி எம்.டி.ஆர்.7506, ஓடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்.50 எக்ஸ் இரண்டும் உலகம் முழுக்க நம்பிப் பாவிக்கப்படுபவை. கலவை முடிந்ததும் ஃபோனில் கேளுங்கள், த்ரீவீலில் போட்டுக் கேளுங்கள். உங்கள் பாட்டை மக்கள் கேட்கப் போவது அங்கேதான்.

மென்பொருள்: சொந்தமாக்க முடிந்ததை எடுங்கள்

மென்பொருள் பற்றிய விவாதம் இளைஞர்களிடம் பெரிய விவாதம். கியூபேஸா, லொஜிக்கா, எஃப்.எல். ஸ்டூடியோவா என்று பொழுது போகும். ஒலியின் தரத்தில் இவற்றுக்குள் நீங்கள் கேட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. வேலை செய்யும் முறையில்தான் வித்தியாசம்.

குரலும் வாத்தியமும் நேரடியாகப் பதிபவர்களுக்கு நான் ரீப்பரைச் சொல்கிறேன். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். பழைய லேப்டொப்பிலும் இலேசாக ஓடும். பதிவை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வது மட்டும்தான் தேவை என்றால் ஓடாசிட்டி இலவசம். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு ஆர்டர் இருக்கிறது. பீட் அடுக்கிப் பாட்டு கட்டும் தம்பிமாருக்கு எஃப்.எல். ஸ்டூடியோ கைக்கு வாகானது. ஒரு தடவை வாங்கினால் பிறகு வரும் பதிப்புகளும் இலவசம். மேக் வைத்திருந்தால் கராஜ் பேண்ட் உள்ளேயே இருக்கிறது. லேப்டொப்பே இல்லையா? ஃபோனில் பேண்ட்லேப் செயலியைப் போட்டு இன்றைக்கே தொடங்கலாம்.

உடைத்த மென்பொருளைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறேன். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது எங்களுக்கு எல்லாமே எட்டாத விலையாயிற்று. அந்த வேதனை எனக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம். அதோடு வரும் வைரஸ் நீங்கள் பதிந்து வைத்த குரல்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். இலவசமாகவும் குறைந்த விலைக்கும் நல்லவை இத்தனை இருக்கும்போது, நாளைக்கு நம் பாட்டுக்குக் காசு கேட்கப் போகும் நாம், இன்னொருவர் உழைப்பைத் திருடித் தொடங்கக் கூடாது.

நம் இசைக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சுருதி திருத்தும் கருவி. எண்ணெய் தேடும் துறையில் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த அண்டி ஹில்டபிராண்ட் 1997 இல் ஓட்டோடியூனைக் கொண்டுவந்தார். அது குரலைப் பக்கத்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் பாட்டின் உயிரோ இரண்டு சுரங்களுக்கு இடையில் இருக்கிறது. கமகத்தைப் பிழை என்று எண்ணி அது நேராக்கிவிடும். பாவித்தால் மிக மெதுவான அளவில், தேவையான ஒரு சொல்லுக்கு மட்டும் பாவியுங்கள். இரண்டு, க்ளிக் என்ற தாளத் துடிப்பு. சினிமாப் பாட்டுக்கு அது தேவை. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் போடவே கூடாது. அங்கே தாளத்தை நடத்துவது பாடுபவரின் மூச்சு. கீபோர்ட் வாங்குபவர்கள் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ளதை வாங்குங்கள். அது இல்லாமல் ஒரு சிறு அசைவுகூடக் கொண்டுவர முடியாது.

வீட்டிலிருந்து வந்தவை

வீட்டு அறையிலிருந்து பெரிய இசை வருமா என்று கேட்பவர்களுக்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மான் 1989 இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். விளம்பரப் பாட்டுகள் செய்துகொண்டு, நேரத்துக்கு வாடகை கட்டும் பயமில்லாமல் ஒலிகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1992 இல் வந்த 'ரோஜா' அந்தத் தேடலின் பலன். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆம் ஆண்டு 'நெப்ராஸ்கா' நான்கு தடக் கசற் இயந்திரத்தில் வீட்டில் பதிந்தது. பில்லி ஐலிஷின் முதல் அல்பத்தை லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டுப் படுக்கையறையில் அவருடைய அண்ணன் ஃபினியஸ் பதிந்தார். 2020 இல் அதற்கு ஆண்டின் சிறந்த அல்பத்துக்கான கிராமி கிடைத்தது. இவர்கள் எல்லோரிடமும் இருந்த கருவிகள் வெவ்வேறு. பொதுவாக இருந்தது நேரம். மீற்றர் ஓடாத ஓர் அறையில், சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்கும் நேரம். வீட்டு ஸ்டூடியோ தரும் பெரிய செல்வம் அதுதான்.

பதிந்ததைக் காப்பது

பாடுபவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவரின் பெயர், ஊர், திகதி, யாரிடம் கற்றார் என்பதை அவர் குரலிலேயே வாங்குங்கள். ஃபைலின் பெயர் அழிந்தாலும் அந்தக் குரல் சொல்லிவிடும். மூன்று பிரதி வையுங்கள்: லேப்டொப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. எம்.பி.3 ஆக அனுப்புங்கள், ஆனால் மூலத்தை வேவ் ஃபைலாகவே வைத்திருங்கள். பாடியவரின் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அது அவர்களின் சொத்து.

கடைசியாக, செலவின் வரிசை. முதலில் அறை, அது வீட்டுச் சாமானோடு முடியும். பிறகு ஒரு டைனமிக் மைக், ஸ்டாண்ட், நல்ல கேபிள். பிறகு இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ். பிறகு ஹெட்போன். மென்பொருள் அதன் பின்னால். ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் பின்னால்.

இதையும் தனி ஒருவரால் வாங்க முடியாது என்றால், ஊருக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்பது என் யோசனை. கோயில் பாடகர் குழு, அம்மன் கோயில் பஜனைக் குழு, பள்ளிக்கூடத்து இசை மாணவர்கள், தோட்டத்துத் தப்புக் கலைஞர்கள் எல்லோரும் காசு போட்டு ஒரு மைக், ஓர் இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், கேபிள்கள் வாங்கி ஒரே பெட்டிக்குள் வைப்பது. யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுத ஒரு கொப்பி. பதிந்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ சேர வேண்டும் என்ற ஒரே விதி. வஹகோட்டையைச் சுற்றி இப்படி ஒரு பெட்டி தொடங்க விரும்புபவர்கள் என்னோடு கதையுங்கள். என்னிடம் இருக்கும் மைக்கை முதல் ஆளாக அதற்குள் வைக்க நான் தயார். அடுத்த தவக்காலத்துக்கு முன் தொடங்கிவிட வேண்டும்.